ஒரே ரூம், ஒரே ஷிப்ட்

எண்பதுகளின் நடுவில் பெங்களூர்ப் பீன்யாவுக்கு வேலை தேடி வந்த தமிழர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆம்பூர்க்காரர், செங்கத்துக்காரர், திருப்பத்தூர்ப் பையன் என்று ஊர்தான் பெயர். தாசரஹள்ளியில் ஷீட் போட்ட ஒரு ரூமில் என்னோடு தங்கியிருந்தவர் அரூர்க்காரர். நான் ஊத்தங்கரை. அப்போது இரண்டும் ஒரே தருமபுரி மாவட்டம். அவர் எனக்கு நாலு வயது மூத்தவர். நான் ‘அண்ணே’ என்பேன், அவர் ‘தம்பி’ என்பார்.

அவர் எட்டாவதோடு நின்றவர். அப்பா வாங்கிய கடனுக்கு ஒரு வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டார்கள். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். எங்களுக்குள் வித்தியாசம் அந்த ஒரு சர்டிபிகேட்தான். உடம்பைப் பார்த்தால் அவர்தான் நூறு வயது இருப்பார் என்று யாரும் சொல்வார்கள். இரும்பு ராடு கட்டை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றி லாரியிலிருந்து இறக்குவார். நான் மழைக்காலம் வந்தால் இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பேன். எனக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு அவர் ஷிப்டுக்குக் கிளம்புவார்.

அவர் 2014-ல், ஐம்பத்து நாலு வயதில் போய்விட்டார். நான் அறுபதைத் தாண்டி நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். இதை விதி என்று சொல்லித் துடைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் வந்த காலத்துப் பீன்யாவை இப்போது மெட்ரோவில் போகிறவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பி.டி.எஸ். பஸ்ஸில் தும்கூர் ரோட்டில் எட்டாவது மைலில் இறங்கினால் செம்மண் பாதை. அதன் இரண்டு பக்கமும் ஷெட், ஷெட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். எழுபதுகளில் சிறுதொழிலுக்கென்று மனை பிரித்துக் கொடுத்த இடம். தென்கிழக்கு ஆசியாவிலேயே பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று என்று முதலாளிகள் பெருமையாகச் சொல்வார்கள். லேத், பவர் பிரஸ், பஃபிங், பெயின்டிங், ப்ளேட்டிங் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். பக்கத்தில் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி.யும் பி.இ.எல்.லும் இருந்தன. அங்கே வேலை கிடைத்தவனுக்குக் குவார்ட்டர்ஸ், கேன்டீன், கம்பெனி ஆஸ்பத்திரி. எங்களுக்கு அந்தக் கம்பெனிகளின் ஜாப் ஒர்க்.

ரூமுக்குத் தண்ணீர் போர்வெல்லில் இருந்து வந்தது. பீன்யாவின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஆறு இணைதிறன் குரோமியம், குடிநீருக்கான அளவைத் தாண்டிக் கலந்திருப்பதைப் பின்னாளில் ஆய்வுகள் காட்டின. லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. அந்த குரோமியம் எங்கிருந்து வந்தது என்பது அரூர்க்காரருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். அவர் வேலை செய்ததே அந்தத் தொட்டியில்தான்.

முதலில் இருவரும் ஒரே ஷெட்டில் இருந்தோம். நான் லேத்தில், அவர் ஹெல்பர். சம்பளத்தில் நூறு ரூபாய் வித்தியாசம். கல்யாணப் பேச்சு வந்ததும் அவர் பக்கத்து ரோட்டில் இருந்த ப்ளேட்டிங் யூனிட்டுக்கு மாறினார். அங்கே படிப்பு கேட்கவில்லை, கூலியும் கூட. குரோம் தொட்டி என்பது கருஞ்சிவப்புத் திரவம் நிறைந்த ஒரு நீளத் தொட்டி. நிக்கல் ஏற்றிக் கழுவிய உருப்படியைக் கொக்கியில் மாட்டி அதில் இறக்கி கரன்ட் கொடுப்பார்கள். கொடுக்கிற மின்சாரத்தில் கொஞ்சம்தான் குரோமியத்தைப் படியவைக்கும். மிச்சமெல்லாம் தண்ணீரைப் பிரித்து வாயுக் குமிழியாக்கும். அந்தக் குமிழிகள் மேலே வந்து உடையும்போது அமிலம் நுண்துளிகளாகத் தெறிக்கும், குனிந்து கொக்கி பிடிக்கிறவனின் முகத்துக்கு நேராக. தொட்டியின் விளிம்பிலேயே காற்றை உறிஞ்சும் எக்ஸாஸ்ட் வைத்தால் அது முகத்துக்கு வராது. அந்த யூனிட்டில் எக்ஸாஸ்ட் இல்லை. பழைய ஆட்கள் மூக்குக்குள் வாசலின் தடவிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள்.

சில மாதத்தில் அண்ணனுக்கு மூக்கில் பொருக்குக் கட்டி, ரத்தம் வர ஆரம்பித்தது. அப்புறம் அது நின்றது. வலியும் இல்லை. ராத்திரி தூங்கும்போது மட்டும் மூச்சோடு சேர்ந்து மெல்லிய விசில் சத்தம் வரும். என்ன அண்ணே இது என்று ஒருநாள் கேட்டேன். “உள்ளாற ஓட்ட விழுந்துருச்சு தம்பி. எங்க ஷெட்டுல எல்லாருக்கும் இருக்குது. தொழில் பழகிட்டா அப்படித்தானாம்” என்றார். மூக்கின் நடுச்சுவர் அரித்துப்போயிருந்தது. அது ஒரு நோய், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, அதற்கு இழப்பீடு கேட்கலாம் என்று அந்த ஷெட்டில் ஒருவருக்கும் தெரியாது. குரோமியப் புண் அன்றைய தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பெயர் சொல்லி எழுதப்பட்ட தொழில்நோய். போபால் விஷவாயு 1984-ல் அத்தனை பேரைக் கொன்ற பிறகு 1987-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான தொழில்களின் பட்டியலில் எலெக்ட்ரோப்ளேட்டிங்கும் இருந்தது. அதில் வேலை செய்கிறவரை வேலையில் சேர்க்கும் முன்பும், அதன்பின் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறைக்குக் குறையாமலும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும், அந்தப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. நான் இதைப் படித்தது பல வருடம் கழித்து, தர ஆய்வுப் பிரிவுக்கு மாறி ஆடிட்டுக்காகக் கோப்பு தயார் செய்தபோது. படித்தவன் மேஜைக்கு வந்த சட்டம் அது. தொட்டிக்கு அருகே அது வரவே இல்லை.

அந்தத் தர ஆய்வுப் பிரிவுக்கு நான் போனதும் படிப்பால்தான். சாயங்கால வகுப்பில் டிப்ளமோ முடித்தேன். ஷிப்ட் முடிந்து நான் வகுப்புக்கு ஓடும்போது, அண்ணன் ஓ.டி. பார்ப்பார். என் புத்தகக் காசுக்கு அவர் கை நீட்டியதும் உண்டு. டிராயிங் படிக்கத் தெரிந்ததால் மைக்ரோமீட்டர் கைக்கு வந்தது, அப்புறம் மேஜை வந்தது. கூலன்ட் எண்ணெயும் சத்தமும் விலகிப் போயின. சம்பளம் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் வரம்பைத் தாண்டியது. 1997-ல் அந்த வரம்பு 6,500 ரூபாய். கம்பெனி எனக்கு வேறு மருத்துவக் காப்பீடு எடுத்தது, வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் செய்தது. சூப்பர்வைசருக்கு மேலே உள்ளவர்களுக்கு மட்டும்.

அப்படி ஒரு பரிசோதனையில்தான் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. தாகம் இல்லை, களைப்பு இல்லை, ஒன்றும் இல்லை. காகிதத்தில் ஒரு எண் மட்டும். கிட்டத்தட்ட அதே வருடம் அண்ணனுக்கும் தெரிந்தது. அவருக்கு எண் வரவில்லை. ரப்பர் பூட்ஸ் உரசிக் கட்டைவிரலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறாமல் நாறத் தொடங்கிய பிறகு தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை வருடம் அந்த நோய் அவருக்குள் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? எங்கள் இருவருக்கும் ஒரே நோய், ஒரே சாப்பாட்டுப் பழக்கம், ஒரே மாவட்டத்து உடம்பு. அவருக்கு நோய் பல படி முன்னால் போயிருந்தது. எனக்கு வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். அந்த முன்கூட்டிய செய்திதான் என் சம்பளம் எனக்கு வாங்கிக் கொடுத்த பெரிய பொருள் என்று நினைக்கிறேன்.

இருவருக்கும் முதலில் எழுதிய மாத்திரையும் ஒன்றே, மெட்ஃபார்மின். ஆரம்பத்தில் சிலருக்கு அது வயிற்றைப் புரட்டும். எனக்குப் புரட்டியது. என் மனைவி பன்னிரண்டாவது வரை படித்தவள். மறுநாளே சீட்டை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போய், “நீங்க குடுத்தது இவருக்கு ஒத்துக்கல டாக்டர், வேற என்ன செய்யலாம்?” என்று கேட்டாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அளவைக் குறைத்து, சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னார். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அண்ணனுக்கும் புரட்டியது. அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடமே பார்க்காத அண்ணியிடம், திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாமே அண்ணி என்று கேட்டேன். “அவ்ளோ படிச்சவங்க எழுதிக் குடுத்தது சேரலன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா எப்படிப்பா சொல்றது? அவங்க மனசு சங்கடப்படாதா?” என்றார்கள். மரியாதையில் சொன்ன சொல் அது. அந்த மரியாதை அண்ணனின் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறிக்கொண்டே இருந்தது.

இதை எங்கள் வீட்டுக் கதை என்று மட்டும் நினைத்திருந்தேன். ஜான் கால்ட்வெல் என்று ஓர் ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர். 1979-ல் நைஜீரியத் தகவல்களை வைத்து, குழந்தை பிழைப்பதில் தாயின் படிப்புக்கு உள்ள பங்கு தகப்பன் வேலையைவிடவும் பெரியது என்று காட்டியவர். அவரும் அவர் மனைவி பாட் கால்ட்வெல்லும் பெங்களூரைச் சேர்ந்த பி.எச். ரெட்டியும் பிறகு தென் கர்நாடகக் கிராமங்களில் தங்கி, வீடுவீடாகப் பேசி ஆராய்ந்தார்கள். அதில் அவர்கள் கண்டதில் ஒன்று இது: படிக்காத தாயும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள், ஆனால் மருந்து கேட்காவிட்டால் திரும்பிப் போய்ச் சொல்லத் தயங்குகிறாள், அது டாக்டரைக் குறை சொன்னதாகிவிடும் என்று. கொஞ்சம் படித்தவள் திரும்பிப் போகிறாள். நான் இதைப் படித்தபோது அண்ணியின் குரல் காதில் கேட்டது. பள்ளிக்கூடம் நோயைப் பற்றி என்ன சொல்லிக் கொடுத்தது என்பதைவிட, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவரிடம் நிமிர்ந்து கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்ற நினைப்பை அது கொடுத்ததுதான் உயிரைக் காக்கிறது.

பணம் கொடுப்பது வேறு ஒன்று. அது ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கிறது. ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளைப் பார்ப்பது காலையில். அண்ணனுக்கு ஷிப்டும் காலையில். நான் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் வரலாம், சம்பளம் குறையாது. அவர் போனால் அன்றைய கூலி இல்லை. இ.எஸ்.ஐ.யில் இதற்கும் வழி இருக்கிறது, நல்ல வழி. நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் எழுபது சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் பட்ட காயத்துக்குத் தொண்ணூறு சதவீதம். இந்த நாட்டில் கூலித் தொழிலாளிக்கு 1952-லிருந்து கிடைத்துவரும் பெரிய பாதுகாப்பு அது. அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் நோய் விடுப்புப் பணத்துக்கு ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அண்ணன் வேலை செய்த இடத்தில் அதற்குள் எல்லோரையும் காண்ட்ராக்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரே தொட்டி, ஒரே கொக்கி, ரெஜிஸ்டரில் மட்டும் வேறு வேறு பெயரில் முதலாளி. கால் புண்ணோடு அவர் விடுப்புக் கேட்டபோது நாள் கணக்கு பத்தவில்லை.

அதன்பின் நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. விரல் போனது, பிறகு சிறுநீரகம். டயாலிசிஸுக்கு வாரத்தில் பாதி நாள் அண்ணி அவரைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றுவார். அவர் போன வருடம்தான், மார்ச் முதல் தேதி, சம்பிகே ரோட்டிலிருந்து பீன்யா இண்டஸ்ட்ரி வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது.

நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 1970-75 காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 49.7 வருடம். 2016-20 கணக்கில் அது 70. ஐம்பது வருடத்தில் இருபது வருடம் கூடியிருக்கிறது. தடுப்பூசியும் மருந்தும் தண்ணீரும் செய்த காரியம், பெருமைப்பட வேண்டியதுதான். சாமுவேல் பிரஸ்டன் 1975-லேயே நாடுகளின் வருமானத்தையும் ஆயுளையும் ஒரே படத்தில் வரைந்து காட்டினார். அடிமட்டத்தில் வருமானம் கொஞ்சம் உயர்ந்தாலே ஆயுள் விறுவிறுவென்று கூடும், மேலே போகப்போக ஏற்றம் மட்டுப்படும். எனக்குக் கிடைத்த கூடுதல் நூறு ரூபாயில் நான் ஒரு சட்டை வாங்கியிருப்பேன். அண்ணனுக்கு அது கிடைத்திருந்தால் அவர் அந்தத் தொட்டிக்கே போயிருக்க மாட்டார்.

இது பட்டினிக்கும் செல்வத்துக்கும் இடையிலான கதை மட்டும் என்று யாராவது சொன்னால், லண்டனைக் காட்டுவேன். 1967-ல் தொடங்கி அங்கே வைட்ஹால் அரசு ஊழியர்களில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வருடக்கணக்கில் கவனித்தார்கள். மைக்கேல் மார்மட் அந்த ஆய்வால்தான் உலகுக்குத் தெரிந்தார். அவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்ல, எல்லோருக்கும் நிரந்தர வேலை, இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்கள் உயரதிகாரிகளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இறந்தார்கள். நடுவில் இருந்த ஒவ்வொரு படியும், அதற்கு மேல் படியைவிட மோசம். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. தன் நாளைத் தானே தீர்மானிக்க முடியாதவனின் உடம்பு சீக்கிரம் தேய்கிறது என்பது மார்மட்டின் விளக்கம். ஒண்ணுக்குப் போகவும் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டிய லைனில் நின்றவர்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே புரியும். ராஜ் செட்டி குழுவினர் 2016-ல் வெளியிட்ட அமெரிக்கக் கணக்கில், மேல்தட்டு ஒரு சதவீத ஆண்களுக்கும் அடித்தட்டு ஒரு சதவீத ஆண்களுக்கும் ஆயுளில் 14.6 வருட வித்தியாசம். அவ்வளவு பணம் உள்ள நாட்டில்!

ஊரில் இருந்துவிட்ட அண்ணனின் அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் படிப்பில்லை. கையில் காசு புரண்டதே இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள் அல்லவா, அதில் ஒரு பெண் ஊழியர் அவர் வீட்டுத் திண்ணைக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று அந்தப் பெண்ணே கேட்கிறாள். அக்கா தயங்க வேண்டியதே இல்லை, கேட்பது தன் ஊர்ப் பொண்ணு. எழுபதைத் தொடப் போகிறார், கண் நன்றாகத் தெரிகிறது. சம்பாதிக்கப் பெங்களூர் போன தம்பி இல்லை, கேழ்வரகு கொல்லையோடு நின்றுவிட்ட அக்கா இருக்கிறார். படிப்பும் பணமும் இல்லாதவரிடம் அரசு நடந்து போனால் அந்த இரண்டும் செய்கிற வேலையில் ஒரு பங்கை அது செய்துவிட முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பீன்யா இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. மெட்ரோ நாகசந்திராவைத் தாண்டி மாதாவரா வரை போகிறது. 2022-ல் நாகசந்திராவில் ஐக்கியா வந்தபோது ஊரே திரண்டது. ஷெட்டுகளில் சி.என்.சி. வந்துவிட்டது. தமிழ்ப் பையன்கள் குறைந்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அந்த இடத்துக்கு ஒடிசா, பீகார், அஸ்ஸாம் பையன்கள் வந்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரால்தான் கூப்பிடப்படுகிறார்கள். எட்டு, ஒன்பது பேர் வேலை செய்யும் சிறு ப்ளேட்டிங் ஷெட்டுகள் இன்னும் இருக்கின்றன. பத்து ஆளுக்குக் குறைந்தால் பழைய சட்டமும் இ.எஸ்.ஐ.யும் எட்டாது என்று இருந்ததால் அந்த எண்ணிக்கை அப்படியே நின்றது.

அண்ணனின் மகள் லேப் டெக்னீஷியன். அண்ணன் ஓ.டி. பார்த்துப் படிக்க வைத்த பெண். தாசரஹள்ளிப் பக்கம் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். போன வருடக் கடைசியில் ஒருநாள் ரத்தம் கொடுக்க வந்த ஒரு ஒடிசாப் பையன் அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தானாம். மூச்சில் அந்த விசில் சத்தம். அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம். ராத்திரி எனக்குப் போன் செய்தாள். “சித்தப்பா, இன்னும் அந்தத் தொட்டி அப்படியேதான் இருக்குது” என்றாள். அழவில்லை, கோபமாக இருந்தாள்.

அவள் கையில் இப்போது புதுச் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஆபத்தான வேலை என்றால் ஒரே ஆள் இருந்தாலும் இ.எஸ்.ஐ. உண்டு. நாற்பது தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை. அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது. நாற்பதுக்குக் காத்திருந்தால் மூக்கில் மிச்சம் என்ன இருக்கும் என்று அவள் கேட்கிறாள். ஆபத்தான வேலை என்ற பிரிவில் அவனுக்கும் பரிசோதனை கேட்கலாம் என்று இந்தியிலும் கன்னடத்திலும் ஒரு பக்கம் அச்சடித்து, டீக்கடையில் பையன்களிடம் கொடுத்தாள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரலாகவும் அனுப்பினாள்.

அந்த ஷெட் முதலாளி எனக்குத் தெரிந்தவர். அவரும் லேத்தில் நின்று வளர்ந்தவர்தான். அவளும் நானும் போய்ப் பேசினோம். அவர் சொன்ன சங்கடத்தையும் நான் மறைக்க மாட்டேன். ஒரு உருப்படிக்குக் கம்பெனிக்காரன் கொடுக்கும் ஜாப் ஒர்க் ரேட்டு வருடக்கணக்காக நகரவில்லை. எக்ஸாஸ்ட் செலவை அதில் ஏற்றினால் வேலை அடுத்த ஷெட்டுக்குப் போய்விடும். உண்மைதான். பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளையரிடம் விட்டத்தை மைக்ரான் கணக்கில் அளந்து வாங்குகின்றன. தொட்டியில் எக்ஸாஸ்ட் இருக்கிறதா என்பதையும் அதே கண்டிப்போடு கேட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். தர ஆய்வில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கடைசியில் தொட்டிக்கு எக்ஸாஸ்ட் போட அவர் ஒத்துக்கொண்டார். பையன்களை இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யவும் சரி என்றார். டாக்டரைக் கூப்பிட்டு எல்லோரையும் பார்க்கச் சொல்வதைப் பற்றிக் கேட்டபோது, “பாக்கலாம்மா” என்றார். அண்ணி அந்த இடத்தில் எழுந்து வந்திருப்பார். மகள் எழவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்து, “தேதி போட்டுக் குடுத்துருங்க சார், அன்னைக்கு நானே வந்து சாம்பிள் எடுக்கறேன்” என்றாள். அவர் காலண்டரைப் பார்த்து ஒரு தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்.